கீரிமலைக் கேணியில் நீராடச் செல்வோருக்கு

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் யாழ்ப்பாணம் செல்ல ஆயத்தமாகும் குடும்பங்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, பிள்ளைகள் நீந்துவதற்கு அங்கே எங்கே போகலாம் என்பது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நகரசபை நடத்தும் கூரையிட்ட தடாகங்களில், சூடாக்கிய நீரில், கயிறு கட்டிய ஓடுபாதைகளில் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு மாதம் நீந்தாமல் இருப்பது கை கட்டிப்போட்டது போலத்தான் இருக்கும். அத்தகைய தடாகத்தை யாழ்ப்பாணத்தில் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வல்வெட்டித்துறையில் நீச்சல்வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் உண்டு. நகரத்து விடுதிகள் சில கட்டணம் பெற்றுக்கொண்டு வெளியாரையும் தம் தடாகங்களில் நீந்த விடுகின்றன. இவற்றின் நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறக்கூடியவை ஆகையால், புறப்படும் நாளன்று தொலைபேசியில் கேட்டறிந்து போவதே உத்தமம். ஆனால் பொதுமக்கள் அனைவருக்கும் உரிய நீராடுமிடம் எது என்று கேட்டால், அப்பகுதியில் யாரும் யோசிக்காமல் சொல்லும் பெயர் கீரிமலை. அதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வடக்கே, காங்கேசன்துறைக்கு மேற்கில், கடல் அலை மோதும் கரையிலேயே இந்தக் கேணி அமைந்திருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அந்த நிலத்தடி நீர் கடலை நோக்கி நகர்ந்து வந்து ஊற்றாக வெளிப்படும் இடங்களில் ஒன்றே கீரிமலை. சில அடி தூரத்தில் கடல் உப்புக் கரிக்க, சுவருக்கு இப்பால் நன்னீர் ஊறிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்து வரும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழம் வந்ததைக் கண்டவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. எனினும் நிலத்துக்கு அடியில் நீர் ஓடுகிறது என்பதை நிலநூல் படிக்காத ஒரு சமூகம் நினைவில் வைத்துக்கொண்ட விதம் அது.

பெயர்க் காரணத்தைப் பிள்ளைகளுக்கு வழியிலேயே சொல்லி வையுங்கள், கேட்டுக்கொண்டே வருவார்கள். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இந்த ஊற்றில் நீராடி முகம் மாறப்பெற்றார் என்பது ஐதிகம். நகுலம் என்றாலும் கீரிதான். அருகிலுள்ள நகுலேஸ்வரம் ஈழத்தின் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்று. குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இங்கே நீராடியே நலம் பெற்றாள் என்றும், அந்த மா, அதாவது குதிரைமுகம், விட்டு நீங்கிய ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று என்றும் சொல்வார்கள்.

போய்ச் சேருவது கடினமன்று. காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம், தெல்லிப்பழை கடந்து செல்லும் பேருந்துகள் உண்டு. 2015இல் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதத்தில் வருவோர் மாவிட்டபுரத்தில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். சிறுபிள்ளைகளும் முதியவர்களும் கூட வருவதாயின் திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்து வாகனத்தைப் பேசிக்கொள்வது நல்லது. ஈர உடுப்போடும் பசித்த பிள்ளைகளோடும் வெயிலில் நின்று வாகனம் தேடியவன் என்ற முறையில் இதை வற்புறுத்துகிறேன். காலை ஏழு மணிக்கு முன் போனால் கேணியும் அமைதியாக இருக்கும், படிக்கட்டின் கல்லும் காலைச் சுடாது. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் இளைஞர் கூட்டம் மிகுதி.

கேணிகள் இரண்டு. ஆண்களுக்குரியது பெரியது, படிகள் இறங்க, ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் கடல் விரிந்து கிடக்கும். பெண்களுக்குரியது சற்றுத் தள்ளி, உயர்ந்த மதிலுக்குள் மறைவாக இருக்கிறது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் முன்கூட்டி யோசிக்காத சிக்கல் இங்கேதான் வருகிறது. எட்டு வயது மகளுக்கு நீச்சல் பழக்கியவர் தகப்பனாக இருப்பார். அவர் பெண்கள் பக்கம் போக முடியாது, தாய்க்கோ நீந்தத் தெரியாது. ஆகவே நீந்தத் தெரிந்த ஒரு சித்தியோ மச்சாளோ கூட வருகிறாரா என்பதை வீட்டிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். யாரும் இல்லையெனில் பிள்ளையைப் படியில் இருத்தி, செம்பால் அள்ளி வார்த்துக் குளிப்பாட்டி அழைத்து வருவதே அறிவுடைமை. உயிர்காப்பாளர் நிற்பார் என்ற நம்பிக்கையில் பிள்ளைகளை நீரில் விடக் கூடாது. விசில் ஊதி எச்சரிப்பவரையும், ஆழத்தை மீற்றரில் எழுதிவைத்த பலகையையும் அங்கே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

படிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நீருக்கு மேலுள்ள படி காய்ந்து சொரசொரப்பாக இருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே முதலாவது, இரண்டாவது படிகளில்தான் பாசி. மேலுள்ள காய்ந்த படியில் கால் நன்றாகப் பிடித்துக்கொண்டதை நம்பி அடுத்த படியில் அதே வேகத்தில் கால் வைப்பவர்களே வழுக்கி விழுகிறார்கள். உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக அரக்கி இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊர்க் கிழவிகள் அப்படித்தான் இறங்குகிறார்கள். சுவரிலிருந்து தலைகீழாகப் பாயும் உள்ளூர்ப் பையன்களைப் பார்த்து உங்கள் மகனுக்கும் ஆசை வரும். அவர்களுக்கு நீருக்குள் எந்த இடத்தில் கல் இருக்கிறது என்று தெரியும், உங்கள் மகனுக்குத் தெரியாது.

என் அண்ணர் மகனை முதன்முறை அழைத்துச் சென்றபோது அவன் இறப்பர்த் தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் அணிந்து, கேணிக்கரையில் நின்று தோள்களைச் சுழற்றி ஆயத்தம் செய்தான். எந்தப் பக்கமாக நீந்திப் போய் எந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்று என்னைக் கேட்டான். அருகில் சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்ற ஓர் ஐயா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, அதெல்லாம் பிறகு. முதல்ல மூண்டு முழுக்குப் போடும்," என்றார். அவனும் போட்டான். மூன்றாவது முழுக்கில் எழுந்தவன் உதட்டை நக்கிப் பார்த்து, மெல்லிய உவர்ப்பு இருப்பதாகச் சொன்னான். குளோரின் மணமில்லாத நீரில் அவன் அதற்கு முன் நீந்தியதே இல்லை.

குளோரின் இல்லை என்பதற்கு மறுபக்கமும் உண்டு. பலரும் குளிக்கும் நீர் ஆகையால் வாயில் எடுக்காமல் இருக்கவும், ஆறாத காயமோ காதுநோவோ உள்ளவர்களை இறக்காமல் இருக்கவும் வேண்டும். கண்ணில் ஒட்டும் வில்லைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். சவர்க்காரமும் ஷாம்பும் கேணிக்குள் கூடவே கூடாது. உடையைப் பொறுத்தவரை ஆண்கள் சாரத்தோடோ முழங்கால் வரையான காற்சட்டையோடோ இறங்கலாம். பெண்கள் பக்கத்தில் மூத்தவர்கள் குறுக்குக்கட்டோடும் இளையவர்கள் சட்டையும் நீண்ட காற்சட்டையுமாகவும் குளிப்பார்கள். நீங்கள் வெளிநாட்டில் அணியும் நீச்சலுடையை இதற்கு உள்ளே போட்டுக்கொள்வதில் தடையில்லை. துவாய், மாற்றுடை, ஈரத் துணிக்கு ஒரு பை, குடிநீர்ப் போத்தல் ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பூட்டிவைக்கும் பெட்டிகளை நம்ப முடியாது என்பதால் கடவுச்சீட்டையும் நகையையும் தங்குமிடத்தில் விட்டு, கைப்பேசியைக் குளிக்காத ஒருவரிடம் ஒப்படைப்பது நலம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்றுண்டு. கீரிமலை நீச்சலுக்கென்று வெட்டிய இடம் அன்று. இறந்தோருக்கான கடன்களைச் செய்யும் இடம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களும் அஸ்தி கரைக்க வந்தவர்களும் எந்த நாளிலும் அங்கே இருப்பார்கள். உங்கள் பிள்ளைகள் கூச்சலிட்டு நீரை வாரியடிக்கும் அதே வேளையில், பத்தடி தள்ளி ஒருவர் தன் தாயின் சாம்பலைக் கரைத்துவிட்டுத் தலை முழுக வந்து நிற்கக்கூடும். அப்போது சற்று ஒதுங்கி வழிவிடுவதும், அவர்கள் இருக்கும் திசையில் கைப்பேசியை நீட்டாமல் இருப்பதும் போதும்; உங்களிடம் வேறு எதையும் எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள். தந்தையை இழந்தோர் விரதமிருந்து பிதிர்க்கடன் செய்யும் ஆடி அமாவாசையன்று ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலின் தீர்த்தமும் அன்று இங்கேதான். அந்நாள் யூலை நடுப்பகுதிக்கும் ஓகஸ்ட் நடுப்பகுதிக்கும் இடையில் வருவதால், உங்கள் விடுமுறையோடு பெரும்பாலும் பொருந்திவிடும். கடன் செய்ய வேண்டியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அன்று விடியுமுன் போங்கள். நீந்துவதற்கென்று மட்டும் போவதாயின் அன்று தவிர வேறெந்த நாளிலும் போங்கள்.

சுவருக்கு அப்பாலுள்ள கடல் பிள்ளைகளை அழைக்கும். சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்த வடகரைக் கடல் குளம்போலக் கிடந்தாலும், அடியில் கூரான முருகைக்கல் இருப்பதால் அங்கே இறங்காமல் இருப்பது நல்லது. வாடைக்காலத்திலோ, அதாவது மார்கழி விடுமுறைக்கு வருவோரின் காலத்தில், அலை சுவரில் மோதிச் சிதறும். கடலில்தான் நீந்த வேண்டுமென்றால் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போங்கள். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாத மணற்கடல் அது. இந்தக் கடலைக் காட்டும்போது பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லலாம்: 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாறு நவரத்தினசாமி, 1971இல் அதை ஒரே மூச்சில் போகவும் வரவும் நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தன். ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார்.

கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தபின் இப்பகுதி நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தது. நகுலேஸ்வரக் கோவிலும் அந்த ஆண்டு குண்டுவீச்சுக்கு உள்ளானது. காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்ட போதிலும் படைமுகாம்கள் இன்னும் உள்ளன. அவற்றை ஒளிப்படம் எடுக்காதீர்கள். கூரையில்லாத வீடுகளைப் பார்க்கவென்று வீதியை விட்டுப் பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். குளித்து முடித்ததும் தலையை நன்றாகத் துவட்டி, உலர்ந்த உடுப்போடு நகுலேஸ்வரத்துக்குள் போங்கள்; ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். கோவில் நடுப்பகலில் நடைசாத்திவிடும் என்பதால் பதினொரு மணிக்குள் குளியலை முடித்துக்கொள்வது வசதி.