சென்னை ஏர்போர்ட்டில் இறங்கி வேலூர் வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் வீடு சத்துவாச்சாரியில், பைபாஸ் ஓரம். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், பிள்ளையை விஐடியில் சேர்க்க வருகிறவர்கள் என்று யாராக இருந்தாலும் முதல் போன் எங்களுக்குத்தான் வரும். "மீனம்பாக்கத்துல இறங்கிட்டோம், இங்கேயிருந்து எப்படி வர்றது?" இந்தக் கேள்வியை இறங்கின பிறகு கேட்பதுதான் முதல் தவறு. விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஏர்போர்ட்டிலிருந்து வேலூர் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஹைதராபாத்திலிருந்து சென்னைக்குப் பறந்து வர ஒன்றேகால் மணி நேரம் போதும். அங்கிருந்து வேலூர் வந்து சேர மூன்று மணி நேரம், சில நாள் நான்கு. பயணத்தில் பெரிய பங்கு தரையில்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் யோசிப்பது வானத்தில் போகிற பங்கைப் பற்றி மட்டுமே.

வேலூரை ஒட்டி அப்துல்லாபுரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் அதைச் சீர்படுத்தியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் நான் இதை எழுதுகிற வரை பயணிகள் விமானம் அங்கே வந்து போகவில்லை. பரந்தூர் விமான நிலையம் வந்தால் நமக்குப் பாதி தூரம் குறையும். 2022-ல் அறிவித்தார்கள், அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விலை குறைவென்று பெங்களூருக்கு டிக்கெட் போடுவது

"பெங்களூருக்கு ரெண்டாயிரம் கம்மியா இருக்கு, அங்கேயே இறங்கிக்கிறோம்" என்பார்கள். பெங்களூர் விமான நிலையம் இருப்பது ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில், நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் அளவில். அங்கிருந்து வேலூருக்குச் சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் வரலாம் என்றால் முதலில் நகரத்துக்குள் வந்து ஒரு ஸ்டேஷனைப் பிடிக்க வேண்டும். மிச்சம் பிடித்த இரண்டாயிரம் டாக்ஸியிலேயே போய்விடும், அரை நாளும் போய்விடும்.

ஆனால் பழைய வட ஆற்காடு சின்ன ஊர் இல்லை. திருப்பத்தூர், ஜோலார்பேட்டை பக்கம் போகிறவர்களுக்குப் பெங்களூர்தான் கிட்டே. ஆம்பூர், வாணியம்பாடிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், விமான நேரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், குடியாத்தம் என்றால் சென்னையே சரி.

யாரும் நினைத்துப் பார்க்காத மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஹைதராபாத் போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்கள் திருப்பதியின் ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு டிக்கெட் கிடைக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சித்தூர் வழியாகக் காட்பாடி வந்துவிடலாம். சென்னை நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம்.

காட்பாடியைத் தெரியாமல் ரயில் தேடுவது

வேலூரின் பெரிய ரயில் நிலையத்துக்கு வேலூர் என்று பெயர் இல்லை, காட்பாடி ஜங்ஷன். டிக்கெட் போடும்போது 'கேபிடி' (KPD) என்று தேட வேண்டும். வேலூர் கன்டோன்மென்ட் வேறு, அது விழுப்புரம் போகும் பாதையில் இருக்கும் சின்ன ஸ்டேஷன். வேலூர் என்று மட்டும் தேடிவிட்டு, "ஒரு ரயில் ரெண்டு ரயில்தான் காட்டுது" என்று டாக்ஸிக்குப் பணம் கட்டினவர்களை எனக்குத் தெரியும். சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு நாள் முழுக்க வண்டி இருக்கிறது. காலையில் பிருந்தாவன், பிற்பகலில் லால்பாக், மாலையில் ஏலகிரி, இடையில் இன்னும் எத்தனையோ. இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து விடும்.

விமான நிலையத்திலேயே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. நீல வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் சென்ட்ரல் போய்விடலாம், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பிடிக்க வேண்டுமென்றால் ஆலந்தூரில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாறிக் கோயம்பேடு. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்த பிறகு நிறைய பேருக்கு இதில் குழப்பம். தெற்கே போகும் பஸ்கள்தான் அங்கே மாறின, வேலூர் பஸ் என்றால் கோயம்பேட்டைத்தான் கேட்க வேண்டும். மேற்கு வழி பஸ்களுக்காகக் குத்தம்பாக்கத்தில் ஒரு நிலையம் கட்டுவதால், கிளம்பும் நாளில் எங்கே ஏறுவதென்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூர் போகிற பஸ்ஸில் ஏறினால் வேலூர் புது பஸ் ஸ்டாண்டுக்குள் போகுமா, பைபாஸிலேயே இறக்கிவிடுவாரா என்று கண்டக்டரிடம் ஏறும்போதே கேளுங்கள். பெட்டியோடு சர்வீஸ் ரோட்டில் நிற்பது பெரிய அவஸ்தை.

ரயில் விஷயத்தில் நடக்கும் இன்னொரு தவறு, விமானம் இறங்கும் நேரத்தோடு ரயில் நேரத்தை ஒட்டிப் போடுவது. நானே செய்திருக்கிறேன். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது, இரண்டு மணி நேர இடைவெளி தாராளம் என்று நினைத்து ரயிலில் முன்பதிவு செய்திருந்தேன். விமானம் சரியான நேரத்துக்குத்தான் இறங்கியது. இமிக்ரேஷன் வரிசையில் ஒரு மணி நேரம், பெட்டி வருவதற்கு அரை மணி நேரம், மெட்ரோவில் முக்கால் மணி நேரம். சென்ட்ரலில் நான் படி ஏறும்போது ரயில் போய்விட்டது. அப்பா காட்பாடி ஸ்டேஷனில் வந்து காத்திருந்தார். அந்த வயதில் அவரை நடைமேடையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்றரை மணி நேரம், உள்நாட்டு விமானத்துக்கு இரண்டரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அல்லது முன்பதிவே செய்யாமல், பிருந்தாவன், ஏலகிரி போன்ற வண்டிகளில் முன்பதிவில்லாத பெட்டியில் வந்துவிடுங்கள். வந்தே பாரத்தில் அந்த வசதி கிடையாது. காலை வந்தே பாரத் 6 மணிக்கு முன்பே கிளம்பிவிடும் என்பதால், முதல் மெட்ரோவை நம்பி அதைப் பிடிக்கவும் முடியாது.

விடியற்காலை மூன்று மணிக்குக் காரில் ஏறுவது

இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். வளைகுடாவிலிருந்து வரும் விமானங்களில் பல இரவிலும் விடியற்காலையிலும் இறங்குகின்றன. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வருகிறவருக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மனம் வராது, புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் வண்டி ஓட்டுகிறவர் பெரும்பாலும் அன்றைக்கு ஏற்கனவே ஒரு ட்ரிப் அடித்தவராக இருப்பார். சாயங்காலம் ஒரு குடும்பத்தை டிராப் செய்துவிட்டு, ஏர்போர்ட் வாசலில் சீட்டைச் சாய்த்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டு, உங்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

என் சித்தி மகன் ஷார்ஜாவிலிருந்து வந்தபோது இதுதான் நடந்தது. காவேரிப்பாக்கம் தாண்டி டிரைவருக்குக் கண் சொக்கி, கார் சென்டர் மீடியனை உரசிக்கொண்டே போய் நின்றது. யாருக்கும் பெரிதாக அடி இல்லை, அது அவர்கள் நல்ல நேரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜா வரை ஆறுவழிச் சாலை வேலை பல வருடமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. திடீரென்று சாலை சர்வீஸ் ரோட்டுக்குத் திரும்பும், எதிரே லாரி ஓரத்தில் நிற்கும். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற சாலை இது இல்லை.

மெட்ரோ காலை 5 மணி வாக்கில்தான் தொடங்கும், இரவு 11 மணிக்கு மேல் கிடையாது. மூன்று மணிக்கு இறங்கினால் டெர்மினலிலேயே உட்கார்ந்து ஒரு காபி குடித்து, வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். கார்தான் வேண்டும் என்றால், அன்று மாலை தூங்கி எழுந்து வருகிற டிரைவரை வேலூரிலிருந்தே ஏற்பாடு செய்யுங்கள். "அண்ணா, இன்னைக்கு இது எத்தனாவது ட்ரிப்?" என்று போனில் கேட்பதில் தப்பே இல்லை. வழியில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், முன் சீட்டில் விழித்திருக்கும் ஒருவர் உட்காருங்கள்.

வாடகை பேசும்போது டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தா, தனியா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சண்டை வருவது எப்போதும் அங்கேதான். தெரிந்தவர் வண்டி என்று வெள்ளை நம்பர் பிளேட் காரை வாடகைக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் சொந்த உபயோக இன்ஷூரன்ஸ் வாடகைப் பயணத்துக்குப் பொருந்தாது.

எந்த சிஎம்சி, எந்த விஐடி

சிஎம்சி என்றாலே வேலூர் டவுனில் ஐடா ஸ்கடர் ரோட்டில் இருக்கும் பழைய ஆஸ்பத்திரி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2022 முதல் ராணிப்பேட்டை வளாகமும் இயங்குகிறது. ரத்தினகிரி பக்கம், நெடுஞ்சாலை ஓரத்திலேயே, சென்னையிலிருந்து வரும்போது வேலூருக்கு முன்பே வந்துவிடும். சில பிரிவுகள் அங்கேதான் இருக்கின்றன. அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று போட்டிருப்பார்கள், கிளம்புவதற்கு முன் அதைப் பாருங்கள். அதே வாசலைக் கடந்து வேலூர் வந்து, டவுன் நெரிசலில் மாட்டி, மறுபடி திரும்பிப் போன ஒரு ஜார்க்கண்ட் குடும்பத்தை நான் பார்த்தேன். கூடவே நடக்க முடியாத பாட்டி. தங்கும் அறையையும் எந்த வளாகமென்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கண் சிகிச்சை என்றால் ஆரணி ரோட்டில் இருக்கும் சிஎம்சியின் ஷெல் ஆஸ்பத்திரி.

விஐடியிலும் இதே கதை. சென்னை வளாகம் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், ஏர்போர்ட்டுக்குப் பக்கம். வேலூர் வளாகம் காட்பாடியில். அட்மிஷன் கடிதத்தை ஒரு முறை படித்துவிட்டு டாக்ஸியில் ஏறுங்கள். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து டவுன் சிஎம்சிக்கு வர ஆட்டோ மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், பாகாயம் போகும் 1, 2 நம்பர் டவுன் பஸ்கள் வாசலிலேயே இறக்கிவிடும்.

வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் இன்னொன்று. திரும்பிப் போகும் டிக்கெட்டை வரும்போதே போட்டுவிடாதீர்கள். ஒரு டெஸ்ட் இன்னொரு டெஸ்ட்டுக்கு இழுக்கும், ரிசல்ட் வர நாளாகும். டிக்கெட் தேதிக்காக டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே கிளம்புகிறவர்களைப் பார்க்க வயிற்றைப் பிசைகிறது. போட்டே ஆக வேண்டுமென்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட் போடுங்கள். ஆபரேஷன் ஆனவர் எப்போது விமானம் ஏறலாம் என்று டாக்டரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு விமான நிறுவனத்திடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால் நல்லது, அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

திரும்பிப் போகும்போது

நள்ளிரவு விமானத்தின் தேதியைத் தப்பாகப் படிப்பதுதான் இதில் பெரிய தவறு. டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 1.40 என்று இருந்தால் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி சாயங்காலம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது 14-ஆம் தேதி இரவு 10.40-க்கு அங்கே இருக்க வேண்டும். சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்களும் பூந்தமல்லி நெரிசலும் சேரும் என்பதால் நான்கு மணி நேரம் வைத்து, 6.30 மணிக்குள் வேலூரை விட்டுவிடுங்கள். 15-ஆம் தேதி இரவு விருந்து சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போய் நின்ற குடும்பங்கள் உண்டு.

வெளிநாட்டு விமானம் டி2-விலிருந்து (டெர்மினல் 2). உள்நாட்டு விமானம் டி1 அல்லது டி4, எது என்று டிக்கெட்டில் பாருங்கள். வழியனுப்ப ஒரு டவேரா நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது நம் பக்கத்து வழக்கம். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று கையசைத்துவிட்டு, நடுராத்திரியில் மறுபடி 130 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். பெரியவர்களுக்கு வீட்டு வாசலிலேயே கும்பிட்டுவிட்டு, ஒருவரோ இருவரோ மட்டும் கூட வரட்டும்.

ஆற்காடு மக்கன் பேடாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். ஜீரா இருப்பதால் செக்யூரிட்டியில் திரவம் என்று எடுத்துவிடலாம், நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் 2022 முதல் பெட்டியில் போடக் கூடாத பொருள். துபாய், ஷார்ஜா போகிறவர்கள் குருமாவுக்கென்று அம்மா கட்டிக் கொடுக்கும் கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அமீரகத்தில் அது தடை செய்த பொருள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடுத்துப் போக ஆசைப்படுகிறவர்கள், போகிற நாட்டில் காய்கறி அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாதம். நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் வந்து இறங்கும் நாளிலேயே அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொள்ள வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மறுபடி மூடினார்கள். பொங்கலுக்கு வருகிறவர்கள் போகி விடியற்காலையில் சென்னையில் இறங்குவதுபோல டிக்கெட் போடாதீர்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின. அதற்கு முந்தின நாளே வந்துவிட்டால், போகிக்கு வீட்டில் இருக்கலாம்.