பாதி படித்த நூலைப் பற்றிப் பேசுவது எப்படி

வேலூர்க் கோட்டை அகழிக்கு வெளியே உள்ள பூங்காவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அவரவர் அப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலைக் கையில் கொண்டுவர வேண்டும். அதுவரை படித்த பகுதியைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். எங்களுக்கு இருக்கும் விதி இவ்வளவுதான். முடித்த நூல்களைப் பற்றிப் பேசும் கூட்டங்கள் எங்கும் நடக்கின்றன, அவை தேவையானவையும்கூட. ஆனால் ஒரு நூலை முடித்தவர், வழியில் தமக்கு ஏற்பட்ட தடுமாற்றங்களையும் ஐயங்களையும் பெரும்பாலும் மறந்துவிட்டு, கடைசியில் தங்கிய ஓர் எண்ணத்தை மட்டும் சொல்கிறார். படித்துக்கொண்டிருப்பவரிடம் அந்தத் தடுமாற்றங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைக் கேட்பதற்காகவே நாங்கள் கூடுகிறோம். இப்படிப்பட்ட பேச்சை எப்படித் தயாரிப்பது, எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்பது என்பதைப் பட்டறிவிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு துண்டுச்சீட்டு வேண்டும். அஞ்சலட்டை அளவில் வெட்டிய தாள் போதும்; அதுவே பக்க அடையாளமாகவும் இருக்கட்டும். நூல் நூலகத்துடையதாகவோ பிறரிடம் இரவல் வாங்கியதாகவோ இருந்தால் அதில் கோடிடுவதும் ஓரத்தில் எழுதுவதும் முறையல்ல என்பதால், மனத்தில் பட்டதை இந்தச் சீட்டில்தான் குறிக்க வேண்டும். குறிப்பு எதுவானாலும் அதற்கு முன்னால் பக்க எண்ணை எழுதுங்கள். ‘நடை அழகாக இருக்கிறது’ என்று எழுதுவதால் பயன் மிகக் குறைவு. ‘பக்கம் 47: தாய் வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் ஆசிரியர் அழுகையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை, வாசற்படியில் கிடந்த முறத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறார்’ என்று குறித்துவைத்தால், ஒரு மாதம் கழித்தும் உங்கள் கருத்து எங்கிருந்து பிறந்தது என்பதைப் பிறருக்குக் காட்ட முடியும். காட்பாடியிலிருந்து சென்னைக்குச் சீசன் டிக்கெட்டில் நாள்தோறும் சென்றுவரும் எங்கள் அன்பர் ஒருவர், ரயில் ஆட்டத்தில் எழுத முடியாததால், பக்க எண்ணையும் ஒரே ஒரு சொல்லையும் மட்டும் குறித்துக்கொண்டு, இரவில் வீட்டில் அதை விரித்து எழுதுகிறார். அதுவும் நல்ல முறைதான். ஒலிநூல் கேட்பவர்கள் பக்கத்துக்கு மாற்றாக அத்தியாயத்தையும் நிமிடத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

பேசத் தொடங்கும்போது மூன்று செய்திகளைக் கலக்காமல் சொல்லப் பழக வேண்டும். நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பது ஒன்று. நூல் இதுவரை என்ன சொல்லியிருக்கிறது என்பது இன்னொன்று. அதைப் பற்றி இப்போது எனக்கு என்ன தோன்றுகிறது என்பது மூன்றாவது. இவற்றில் முதலாவதை விட்டுவிடுவதால் வரும் தீங்கை நாங்கள் தொடக்கத்திலேயே பட்டு அறிந்தோம். ஒருவர் பெரிய நாவல் ஒன்றின் அறுபதாம் பக்கத்தில் இருந்துகொண்டு, அதைச் சொல்லாமல், ‘இது சலிப்பூட்டும் நாவல்’ என்று பேசிவிட்டார். அடுத்த மாதம் அவரே, இருநூறு பக்கங்களைக் கடந்த மகிழ்ச்சியில், அந்தத் தொடக்கத்தின் நிதானம் எதற்காக என்று உருகி விளக்கினார். ஆனால் முதல் மாதம் அவர் பேச்சைக் கேட்ட இருவர் அந்த நாவலை எடுக்கும் எண்ணத்தையே கைவிட்டிருந்தார்கள். அவர்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அறுபதாம் பக்கத்தின் கருத்தை முழு நூலின் கருத்தாகச் சொன்னதுதான் பிழை. அன்றிலிருந்து, பக்க எண்ணைச் சொல்லாமல் யார் பேசத் தொடங்கினாலும் நாங்கள் நிறுத்தி அதைக் கேட்டுவிடுகிறோம்.

இரண்டாவது செய்தியில், அதாவது நூல் சொல்வதை எடுத்துச் சொல்வதில், பின்னட்டையையும் அணிந்துரையையும் நம்பக் கூடாது. அவை நூலை முடித்தவர்கள் எழுதியவை. நீங்கள் இன்னும் காணாததை உங்கள் வாயால் சொல்ல வைத்துவிடும். அணிந்துரையைக் கடைசியில் படிப்பது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்; மற்றவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவதுதான் கடினம். ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’, ‘பரவாயில்லை’ என்பவற்றுக்கு மேல் நம்மில் பலருக்குச் சொல் வருவதில்லை. கருத்து இல்லாததால் அல்ல, அதைச் சொல்லும் சொற்கள் கைவசம் இல்லாததால்தான் இப்படி நேர்கிறது. இதற்கு மருந்து தமிழிலேயே, பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து மறந்த நன்னூலின் பாயிரத்தில், இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என்று வகுத்துத் தந்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல் (பிழையான சொற்களைச் சேர்த்தல்), மயங்க வைத்தல் (பொருள் தெளிவில்லாமல் குழப்புதல்), வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக நடை தேய்ந்து முடிதல்), நின்று பயன் இன்மை (சொற்கள் இருந்தும் பயன் இல்லாமை) ஆகியவை குற்றங்கள். இந்தப் பத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்துப் பாருங்கள். ‘ஏனோ பிடிக்கவில்லை’ என்று தோன்றிய இடத்தில், ஆசிரியர் சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றை விரிக்கிறாரா, சொற்களை அடுக்கிவிட்டுப் பொருளில்லாமல் நகர்கிறாரா என்று உங்களையே நீங்கள் கேட்கத் தொடங்குவீர்கள். விடை கிடைத்ததும் அது பிறருக்கும் பயன்படும் கருத்தாகிவிடும்.

ஆனால் பாதியில் இருப்பவர் இந்தப் பத்தையும் ஒரே உரிமையோடு பயன்படுத்த முடியாது என்பதை நாங்கள் மெல்ல மெல்லத்தான் உணர்ந்தோம். கூறியது கூறலையும் வழூஉச்சொல்லையும் முப்பதாம் பக்கத்திலேயே சுட்டிக்காட்டலாம். சான்று கண்முன்னால் இருக்கிறது. மாறுகொளக் கூறலும் மயங்க வைத்தலும் அப்படியல்ல. ஒரு கதைமாந்தர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது ஆசிரியரின் தவறாகவும் இருக்கலாம், நூறு பக்கங்களுக்குப் பின் அவிழப்போகும் முடிச்சாகவும் இருக்கலாம். எனவே அவற்றை ஐயமாகவே சொல்ல வேண்டும்: ‘இங்கே ஒரு முரண் தெரிகிறது, பின்னால் தீர்கிறதா என்று பார்க்கிறேன்’ என்பது போல. சென்று தேய்ந்து இறுதலையும் நின்று பயன் இன்மையையும் நூலை முடிக்கும்வரை வாயால் சொல்லவே கூடாது. நன்னூல் இலக்கணம் முதலிய அறிவு நூல்களை மனத்தில் வைத்து இதைச் சொன்னது என்பதையும், கதைக்கும் கவிதைக்கும் பொருத்தும்போது சற்று இளக்கிப் பொருத்த வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், ஓசையுடைமை, ஆழமுடைத்தாதல், உலகம் மலையாமை (உயர்ந்தோர் வழக்கோடு மாறுபடாமை) என வரும் அழகுகளையும் இதே போல் பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். குற்றம் சொல்லப் பழகிய அளவுக்கு அழகைச் சொல்லப் பழகாதவர்கள் நம்மில் மிகுதி என்பதால், ஒவ்வொருவரும் ஓர் அழகையாவது பக்க எண்ணோடு சொல்லியாக வேண்டும் என்று பின்னாளில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம்.

வரலாற்று நூல் படிப்பவருக்கு வேறொரு கவனம் தேவை. 1806 ஜூலை 10 அன்று இதே கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அதை அடக்கியதும் எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். ஒரு முறை எங்களில் இருவர் அதைப் பற்றி இரண்டு வெவ்வேறு நூல்களை ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய நூல் புதிய தலைப்பாகையையும், நெற்றிக் குறியும் காதணியும் கூடாது என்ற ஆணையையும் முதன்மைக் காரணமாக வைத்தது. மற்றவருடைய நூல் கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளை முன்னிறுத்தியது. இருவரும் தாம் படித்த நூலின் கூற்றைத் தம் கூற்றாகவே பேசியதால் பேச்சு சூடாகி, நூல்கள் மறைந்து ஆட்கள் எதிரெதிரே நின்றார்கள். ‘என் நூலின் இந்த அத்தியாயம் இப்படிச் சொல்கிறது, அதற்கு இன்ன கடிதத்தைச் சான்றாகக் காட்டுகிறது, அந்தச் சான்று எனக்கு இவ்வளவு போதுமானதாகப் படுகிறது’ என்று ஆசிரியரையும் தம்மையும் பிரித்துப் பேசியிருந்தால் இருவரும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் இருந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்திருப்பார்கள். மறு மாதம் அவர்கள் நூல்களை மாற்றிக்கொண்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

சொந்த ஊர் வரும் கதையைப் படிக்கும்போது இன்னொரு வகைக் கருத்து நமக்குக் கிடைக்கிறது. வாலாஜாப்பேட்டையையும் பாலாற்றங்கரையையும் களமாகக் கொண்டு மு. வரதராசனார் எழுதி, 1961இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற ‘அகல் விளக்கு’ நாவலை எங்கள் பக்கத்து வாசகர் படிக்கும்போது, பாலாற்றின் மணலைப் பற்றி அவர் சொல்வதை வேறு மாவட்டத்து வாசகர் சொல்ல முடியாது. அதைத் தயங்காமல் சொல்லுங்கள். கேட்பவருக்கு அது பெரிய கொடை. ஆனால் ஊர்ப்பாசம் வேறு, கதையின் தரம் வேறு. ‘இந்த ஆற்றை எனக்குத் தெரியும், அதனால் இந்தப் பக்கங்கள் எனக்குக் கூடுதலாக இனிக்கின்றன’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டால், அந்த இனிப்பில் எவ்வளவு நூலுடையது என்று கேட்பவர் தாமே நிறுத்துப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் ஊரில் வீட்டில் உருதோ தெலுங்கோ பேசி வெளியில் தமிழ் பேசுபவர்கள் பலர். அவர்கள் தம் வீட்டு மொழியில் படிக்கும் நூல்களைக் கொண்டுவரத் தயங்கினால் நீங்களே கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று வரிகளை மூலமொழியில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ஓசையைக் கேட்டுவிட்டு, பிறகு தமிழில் பொருள் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம். பொருள் சொல்லச் சொல்ல, அவர் அதுவரை மேலோட்டமாகக் கடந்த சொற்களில் நின்று யோசிப்பதை நேரில் பார்க்கலாம். நன்னூலே இதையும் சொல்லியிருக்கிறது: ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் சேரும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு, மீதி அரைப் பங்கு பிறருக்கு விரித்து உரைப்பதால்தான் வரும்.

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. ஒருவர் பேசும் நூலை முன்பே முடித்தவர் அங்கே இருந்தால், அவர் வாய் திறக்காமல் இருப்பதே பேருதவி. ‘இன்னும் போங்கள், பெரிய திருப்பம் இருக்கிறது’ என்று சொல்வதுகூட முடிவைப் பாதி சொல்லிவிடுவதுதான். அதன் பிறகு படிப்பவர் கதையைப் படிப்பதில்லை, திருப்பத்தைத் தேடுகிறார். முடித்தவர் கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் பேசுபவர் கடந்துவிட்ட பக்கங்களைப் பற்றி மட்டும். மாற்றுக் கருத்து இருந்தால், ‘நீங்கள் சொன்ன அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்துக் காட்டுங்கள்’ என்று கேட்டு, அந்த வரிகளை எல்லாரும் கேட்ட பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வரிகள் நடுவில் வந்துவிட்டால், வயதில் மூத்தவரிடம் கல்லூரி மாணவி மாறுபடுவதும் மரியாதைக் குறைவாகத் தோன்றாது. இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒருவருக்கு ஆறேழு நிமிடங்கள் போதும். கூட்டம் பன்னிரண்டு பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரிந்து உட்காருங்கள். வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்கு நேரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை: காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும், கத்திரி வெயில் நாட்களில் நிழலான கூடம் ஒன்றை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். இடத்துக்குப் பொது நூலகங்களை அணுகுவது நல்லது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வந்த நாள் முதல் இவை மக்கள் வரியில் இயங்குபவை. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி அங்கேதான் போகிறது. பல நூலகங்களில் வாசகர் வட்டமும் இருக்கிறது. நூலகரைப் பார்த்து, அதன் நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் நூல்களைப் பற்றிய பேச்சையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை வரும் தேசிய நூலக வாரம் தொடங்குவதற்கு ஏற்ற காலம்.

பாதியில் நிறுத்திவிட்ட நூலைப் பற்றியும் பேசலாமா என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பேச வேண்டும். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், நூல் காரணமா, உங்கள் சூழல் காரணமா என்பதைச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருந்த வாரங்களில் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து படித்த நூல் மனத்தில் ஒட்டவில்லை என்றால் அந்த நூலின் மேல் பழி சொல்வது நியாயமாகாது. அப்படி ஒருவர் சொன்ன நூலை எங்கள் கூட்டத்திலேயே வேறொருவர் வாங்கிச் சென்று, விட்ட பக்கத்திலிருந்த சீட்டை எடுக்காமலே முழுவதும் படித்து முடித்து, அந்தச் சீட்டோடு திருப்பித் தந்தார்.

நூலை முடித்ததும் சீட்டில் உள்ள குறிப்புகளை முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பாருங்கள். மாறிவிட்ட கருத்துகளை அடிக்காமல், அவற்றுக்கு எதிரே மாறிய பக்கத்தின் எண்ணை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில், புதிய நூலைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். சென்ற மாதம் உங்கள் பேச்சைக் கேட்டு நூலை எடுத்தவருக்கும் எடுக்காமல் விட்டவருக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பிறகு சீட்டை நூலிலிருந்து எடுத்து உங்கள் குறிப்பேட்டில் ஒட்டிவிட்டு, கெடு தேதிக்குள் நூலை நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.