விசா ஆதரவுப் பட்டியலின் கடைசி நெடுவரிசை: என் அனுபவம்

காரைக்குடியில் மேலாண்மைப் படிப்பு முடித்த என் தம்பி மகள், பிரிட்டனில் மனிதவளப் பகுப்பாய்வாளர் வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்கெல்லாம் விசா ஆதரவு (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அவருடைய பணி விசாவுக்குப் பொறுப்பேற்பது, ‘ஸ்பான்சர்ஷிப்’) இல்லை என்ற பதிலே வந்தது. வேலைவாய்ப்புத் தளங்களில் ‘ஸ்பான்சர்’ என்று தேடினால், ஆதரவு தர இயலாது என்று எழுதியிருந்த அறிவிப்புகளும் சேர்ந்தே வந்தன. தேவகோட்டை முகவர் ஒருவர், விசாவுக்காக நிறுவனம் தர வேண்டிய ஆதரவுச் சான்றிதழுக்கு முன்பணம் கேட்டார். அந்தக் கட்டணத்தை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது விதி என்பதால் அவரை விட்டுவிட்டோம்.

பிறகு, விசா ஆதரவு தர உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை எக்செல்லில் திறந்தோம்; பிரிட்டன் உள்துறை அதை இலவசமாக வெளியிடுகிறது. நிறுவனப் பெயரை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது, எந்த விசா வழிக்கு உரிமம் என்று காட்டும் அதன் கடைசி நெடுவரிசையை. அங்கே ‘குளோபல் பிசினஸ் மொபிலிட்டி’ வழி மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், அந்த நிறுவனம் பெரும்பாலும் தன் வெளிநாட்டுக் கிளை ஊழியர்களை இடம் மாற்றவே உரிமம் வைத்திருக்கிறது. புதிதாகச் சேர்பவருக்கு ‘ஸ்கில்டு வொர்க்கர்’ என்று இருக்க வேண்டும். தர நெடுவரிசையில் ‘பி’ இருந்தாலும் புதியவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்காது. கடைப்பெயர் வேறு, பதிவுப்பெயர் வேறு என்பதையும் ஒப்பிட்டுக்கொண்டோம்.

2025 ஜூலை 22 முதல் தகுதியுள்ள வேலைகள் குறைந்து, பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்துவிட்டதால், விண்ணப்பிக்கும் முன்பே பணிக்குறியீட்டு எண்ணையும் (வேலை எந்த வகை என்று விசா விதியில் காட்டும் எண்) சம்பளத்தையும் மின்னஞ்சலில் கேட்டாள். அப்படி வடிகட்டிய நிறுவனங்களுள் ஒன்றுதான் நேர்காணலுக்குப் பின் சான்றிதழ் தருவதாக எழுத்தில் உறுதியளித்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.