மாத்திரை போடுகிறவனின் தவக்காலம்

எனக்கு 63 வயது. சர்க்கரை நோய்க்குக் காலையில் இரண்டு மாத்திரை, இரவில் ஒன்று. பாஸ்கா என்கிற உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் கத்தோலிக்கர்கள் நோன்பிருக்கும் நாற்பது நாள்தான் தவக்காலம். மூன்று ஆண்டுகளுக்கு முன், அது தொடங்கும் திருநீற்றுப் புதனன்று பிடிவாதமாக ஒருசந்தி (ஒரே ஒரு வேளை முழுச் சாப்பாடு) இருந்தேன். மாலைப் பூசையில் சாம்பல் பூசிக்கொள்ள வரிசையில் நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். மருத்துவர் திட்டினார். பங்குச் சாமியாரோ, "59 வயது முடிந்தவர்களுக்கு ஒருசந்தி கட்டாயமே இல்லையே, உங்களை யார் இருக்கச் சொன்னது?" என்று கேட்டுச் சிரித்தார்.

சுத்த போசனமாவது, அதாவது இறைச்சியை விடுவதாவது, மிச்சம் இருக்கிறதே என்று எண்ணினேன். ஆனால் தூத்துக்குடியில் வெள்ளிக்கிழமை கறி வேண்டாம் என்பது ஒரு தியாகமா? ஆட்டுக்கறியை விட்டுவிட்டுச் சீலா மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தால், ஆண்டவருக்குக் கொடுத்தது போலவும் இல்லை, நாக்குக்குக் குறைந்தது போலவும் இல்லை. விடுவதற்கு என்னிடம் உருப்படியாக ஒன்றும் இல்லாததால்தான், தவக்காலத்தில் பிறருக்கு ஏதாவது நற்செயல் செய்து பார்க்கலாம் என்று வந்தேன்.

இது குறுக்குவழி என்று என் மூத்த மகன் சொல்கிறான். இல்லை. 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளைத் திருத்தியபோதே, அவற்றுக்கு ஈடாகப் பிறரன்புச் செயல்களை வைத்துக்கொள்ள ஆயர் பேரவைகளுக்கு வழிவிட்டார். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று பூசையில் எசாயா 58-ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். பசித்தவனோடு சோற்றைப் பகிர்வதே தாம் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் அதில் சொல்கிறார். உடம்பு தாங்குகிறவர்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி இருக்கட்டும். அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் ஒன்றை விடுவது, சும்மா இருந்தாலே நடந்துவிடும். ஒன்றைச் செய்வதற்கு எழுந்து வாசல்வரை போகவேண்டும். எது கடினம் என்று செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதல் ஆண்டு நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாளுக்கு நாற்பது நற்செயல் என்று ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். ஏழாம் நாள்: "முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்துப் புன்னகைக்கவும்." பழைய பஸ் நிலையத்தில் ஓர் அம்மாவைப் பார்த்துப் புன்னகைத்தேன். "யாரைத் தேடுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் பட்டியல் நின்றுபோனது. தினமும் புதிதாக ஒன்றைத் தேடுவதிலேயே பாதித் தெம்பு போய்விடுகிறது. நாற்பது செயல் வேண்டாம். மூன்று போதும், அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

அந்த மூன்றைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. நான் 31 ஆண்டுகள் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். வவுச்சர் எழுத முடியாத செலவை எந்த முதலாளியும் ஒப்புக்கொள்ளமாட்டார். அதுபோல, யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன என்று ஒரே வரியில் எழுத முடிந்தால் அது செயல். "எல்லோரிடமும் அன்பாக இருப்பேன்" என்பதற்கு வவுச்சர் எழுத முடியாது. தள்ளிவிடுங்கள்.

நேரத்தையும் புதிதாகத் தேடவேண்டாம். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒன்றின் வாலில் முடிந்துவிடுங்கள். எனக்கு மாத்திரை. காலை மாத்திரை முடிந்ததும் தண்ணீர்ப் பானை, வியாழக்கிழமை இரவு மாத்திரை முடிந்ததும் தொலைபேசி. உங்களுக்குக் காப்பியோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதோ இருக்கலாம்.

பானையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் அடிபட்டேன். உப்பளத்துக்கு விடியும் முன்னே போனவர்கள் வெயில் ஏறியபின் எங்கள் தெரு வழியாகத்தான் திரும்புகிறார்கள். தவக்காலம் விழுவதோ பிப்ரவரி, மார்ச், சில ஆண்டுகளில் ஏப்ரல். வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து கண்ணைக் குத்தும் மாதங்கள் அவை. வாசல் வேம்படியில் ஒரு மண்பானை வைத்தேன். ஆற்று மணல் பரப்பி அதன்மேல் வைத்தால் ஆடாது. மணலை நனைத்துவிட்டால் தண்ணீர் இன்னும் குளிரும். குழாய் வைத்த பானையாக வாங்குங்கள், ஆளாளுக்குக் கையை விட்டு மொள்ள வேண்டியிராது. மூடி கட்டாயம், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். தினமும் மிச்சத்தை வேம்புக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் உள்ளே தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். எப்போதாவது கழுவினால் போதும் என்று நானும்தான் நினைத்தேன். ஐந்தாம் நாள் பாசி வாடை அடித்தது. குடித்தவர் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார்.

டம்ளர் கதை தனி. எவர்சில்வர் டம்ளர்கள் மூன்று காணாமல் போயின. சங்கிலியில் கட்டிவிடுங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மனம் வரவில்லை. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "உன்னை நம்பவில்லை" என்றும் சேர்த்துச் சொல்வது போல இருந்தது. இப்போது வழவழப்பாகச் சீவிய தேங்காய்ச் சிரட்டைகள் இரண்டு தொங்குகின்றன. அவற்றை யாரும் எடுத்துப் போவதில்லை.

இரண்டாவது, பிடி அரிசி. என் பாட்டி காலத்து வழக்கம்தான். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. நாங்கள் சாப்பிடுகிற அரிசியிலிருந்தேதான். கொடுப்பதற்கென்று மட்ட ரகம் வாங்கிவைப்பது வேறு கணக்கு. என் பிடியை நிறுத்துப் பார்த்தேன், 60 கிராம். ஞாயிறும் சேர்த்து 46 நாளுக்கு 2 கிலோ 760 கிராம் வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்தப் பிடிக்காக நான் தினமும் அடுப்படிக்குள் போகவேண்டியிருந்தது. கல்யாணமாகி 36 ஆண்டுகளில் என் மனைவி எத்தனை மணிக்கு உலை வைக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது தேங்காய் துருவுவதும் என் வேலை. இது திட்டத்தில் இல்லாதது.

மூன்றாவது, மணப்பாட்டில் தனியாக இருக்கிற மதினி. அண்ணன் இறந்தபின் போக்குவரத்துக் குறைந்துவிட்டது. தவக்காலத்தில் தினமும் பேசுவது என்று முடிவெடுத்து, மூன்று நாள் தொடர்ந்து அழைத்தேன். "சாப்பிட்டீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது?" மூன்றாம் நாள் மதினி கேட்டுவிட்டார்: "என்ன கொழுந்தனாரே, தவக்காலமா? பாஸ்கா முடிந்ததும் மறந்துவிடுவீர்களே."

காது சுட்டது. நான் அவரை என் நோன்பின் ஒரு பொருளாக்கி வைத்திருந்தேன். ஒரு வாரம் அழைக்கவே இல்லை. பிறகு ஒரு வியாழன் இரவு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்தது: கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் எப்போது போடுவது? மனைவி ஊரில் இல்லை. கேட்டேன். இருபது நிமிடம் பேசினார், நடுவில் இரண்டு முறை என்னைத் திட்டினார். அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட பாடம்: தனியாக இருப்பவரிடம் நலம் விசாரிக்கப் போகாதீர்கள், ஏதாவது கேட்கப் போங்கள். அவர்களிடம் கொடுப்பதற்கு நிறைய இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. வாரம் ஒரு முறை போதும்.

இந்த மூன்றில் சேராத ஒன்றும் உண்டு. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்குத் தெருவில் உள்ள இரண்டு பாட்டிமாரை ஒவ்வொருவராக ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மெதுவாக ஓட்டுங்கள், அவ்வளவுதான். ஆனால் இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்துச் செபிக்கிற அந்தப் பதினான்கு நிலைகளில் ஐந்தாவதை இப்போது வேறு மாதிரிக் கேட்கிறேன். சீரேன் ஊர் சீமோன் மனமுவந்து ஒன்றும் சிலுவையைத் தூக்கவில்லை, பிடித்து இழுத்துத் தூக்கச் சொன்னார்கள். மனம் வரும்போது செய்யலாம் என்று காத்திருப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். நான் பானை கழுவும் காலைகளில் பாதி அப்படித்தான்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் செய்து ஈடுகட்டாதீர்கள். பாக்கியை முன்னே கொண்டுபோகிற பழக்கம் பேரேட்டோடு போகட்டும். தவறியது தவறியதுதான், அடுத்த மாத்திரையிலிருந்து தொடங்குங்கள். தவக்காலக் கணக்கில் ஞாயிறுகள் சேராது என்பதும் உண்மை. ஆனால் தாகத்துக்கும் பசிக்கும் ஞாயிறு தெரியாது என்பதால் பானைக்கும் பிடி அரிசிக்கும் விடுமுறை இல்லை.

யாரிடமும் சொல்லாதீர்கள். திருநீற்றுப் புதன் நற்செய்தியே அதுதான்: வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம். நான் அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடுவது) பானையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஒருவர் இரண்டு பானை வைத்ததாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் இன்னொருவர் மோர் ஊற்றினாராம். தெருவுக்கு நல்லதுதான், ஆனால் எனக்கு எரிச்சலாக இருந்தது, அந்த எரிச்சலைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது. இங்கே எழுதுவது மட்டும் என்ன என்று கேட்பீர்கள். பெயர் போடவில்லை, அந்த அளவில் விட்டுவிடுங்கள்.

2027-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. புதுப் பானை வாங்குவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே வாங்கி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள், மண் வாடை போய்விடும். அரிசிப் பானையில் நாலு வேப்பிலையைக் காயவைத்துப் போடுங்கள். பெரிய வியாழனுக்கு (பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள்) முன்பே, குறைவதைக் கடையில் வாங்கிச் சேர்த்து 5 கிலோவாக்கி, பங்கில் ஏழை வீடுகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள். எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும். பாஸ்கா முடியட்டும் என்று நான் ஓர் ஆண்டு வைத்திருந்தேன், வண்டு விழுந்துவிட்டது.