சாவியா, சாவியையா? ஜெர்மனின் நோமினாடீஃப்

ஜெர்மனியில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே தேவைப்படும் சொல் ஷ்லுசல், அதாவது சாவி. அதை வைத்தே நோமினாடீஃப் என்னும் எழுவாய் வேற்றுமையைப் பழகிவிடலாம்.

தமிழில் எழுவாய்க்கு உருபு இல்லை, செயப்படுபொருளுக்கு ‘ஐ’. ஜெர்மனில் பெரும்பாலும் சொல்லின் வால் மாறாது, முன்னால் நிற்கும் ஆர்ட்டிகிள்தான் (ஆங்கிலத்தின் the, a போன்ற சொல்) மாறும். நோமினாடீஃபில் ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, நடுப்பாலுக்கு டாஸ், பன்மை எதுவானாலும் டீ. ‘ஒரு’ என்பதற்கு முறையே ஐன், ஐன, ஐன். சாவி டேர் ஷ்லுசல், வீடு டீ வோனுங், அறை டாஸ் ட்ஸிமர். சாவி ஏன் ஆண்பால் என்று யோசிக்க வேண்டாம். ஆர்ட்டிகிளோடு சேர்த்தே ஒரே சொல்லாக மனப்பாடம் செய்யுங்கள். ‘உங்’ விகுதி பெற்ற பெயர்கள் மட்டும் சுலபம், அவை டீ.

எழுவாய் எது? வினைச்சொல்லிடம் வேர் (யார்), வாஸ் (எது) என்று கேளுங்கள். முதலில் நிற்பதெல்லாம் எழுவாய் அல்ல.

டேன் ஷ்லுசல் ஹாட் டேர் ஹவுஸ்மைஸ்டர்.

‘சாவியைக் கட்டடப் பராமரிப்பாளர் வைத்திருக்கிறார்.’ யார் வைத்திருக்கிறார்? ஹவுஸ்மைஸ்டர். அவர்தான் எழுவாய், அதனால் டேர். சாவி முன்னால் வந்தாலும் டேன். நம் ‘ஐ’ அந்த டேனுக்குள் இருக்கிறது. டீயும் டாஸும் அக்குசாடீஃபிலும், அதாவது செயப்படுபொருள் வேற்றுமையிலும், அப்படியே இருக்கும். ஆகவே கவனம் முழுக்க டேர் சொற்களுக்கே வேண்டும்.

நம்மவர் அதிகம் சறுக்குவது ‘எனக்குச் சாவி வேணும்’ என்ற இடத்தில். தமிழில் சாவிக்கு உருபே இல்லை, அந்தப் பழக்கத்தில் ‘இஷ் ப்ரௌக டேர் ஷ்லுசல்’ என்று வந்துவிடும். ஜெர்மனில் எழுவாய் ‘இஷ்’, நான். ‘இஷ் ப்ரௌக டேன் ஷ்லுசல்’ என்பதே சரி. ‘லிஃப்ட் இருக்கா?’ என்பதும் இப்படித்தான்: ‘கிப்ட் எஸ் ஐனன் அவுஃப்ட்சூக்?’ இங்கே எழுவாய் ‘எஸ்’, அது. ஐன் என்பது ஐனன் ஆகிவிடுகிறது.

இதைப் படித்தபின் எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும். ஸைன் (ஆங்கிலத்தின் be, ‘இஸ்ட்’ அதன் ஒரு வடிவம்) வினை வந்தால் மாற்றாதீர்கள். ‘டாஸ் இஸ்ட் மைன் ப்ரூடர்’, இது என் சகோதரர். இதுவும் சகோதரரும் ஒரே ஆள், இரண்டும் நோமினாடீஃப், ‘மைனன்’ தவறு. (இங்கே டாஸ் என்பது ‘இது’, ஆர்ட்டிகிள் அல்ல.) வேர்டன் (ஆகு), ப்ளைபன் (அப்படியே இரு) வினைகளும் இதே வகை.

சாவியை ‘அது’ என்று நினைத்து ‘எஸ்’ போடாதீர்கள். டேர் ஷ்லுசல் என்பதால் ‘ஏர்’: ‘வோ இஸ்ட் டேர் ஷ்லுசல்?’ ‘ஏர் இஸ்ட் ஹியர்.’ (‘சாவி எங்கே?’ ‘இங்கே இருக்கிறது.’) வோனுங் என்றால் ‘ஸீ’.