பழைய ஆஃப்-ரோடு வண்டி: பாடித் துருவை வெல்டிங் வரை பிடித்து வைப்பது எப்படி?

துருவை ஒழிக்கும் வழி இல்லை இது, தள்ளிப்போடும் வழி. அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் நிரந்தர வேலை. அதற்குப் பணமும் நேரமும் கூடிவரும்வரை துரு பரவாமல் நிறுத்தி வைக்கலாம். இப்போது பூசும் எதையும் பின்னால் டிங்கரிங் செய்பவர் சுலபமாகச் சுரண்டி எடுக்க முடியவேண்டும். அதனால் தார், கனமான பட்டி இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

1. கழுவி, காயவைத்து, குத்திப் பாருங்கள்

துரு தொடங்குவது பெரும்பாலும் சேறு தங்கும் இடத்தில்தான்: மட்கார்டின் உள்மடிப்பு, கதவின் அடிவிளிம்பு, முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்ப்பகுதி, தரைவிரிப்புக்கு அடியில். சேற்றை முழுதாகக் கழுவுங்கள். கதவடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

அடுத்து ஸ்க்ரூடிரைவர். பிடியால் தட்டினால் நல்ல தகடு 'டிங்' என்று ஒலிக்கும், இற்றுப்போன தகடு 'பொத்' என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் முனையை வைத்துக் கட்டைவிரல் பலத்தோடு அழுத்துங்கள். செம்பொடி மட்டும் உதிர்ந்து தகடு உறுதியாக நின்றால் கவலையில்லை. பெயின்ட் கொப்புளித்திருந்தால், துரு உள்பக்கத்திலிருந்து வெளியே வந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரிவதைவிடச் சேதம் பெரிதாகவே இருக்கும்.

முனை உள்ளே போகும் இடம் சேசிஸ், பாடி மவுன்ட் (பாடி சேசிஸோடு இணையும் இடம்), சஸ்பென்ஷன் பிராக்கெட், சீட் பெல்ட் போல்ட், கதவுக் கீல் இவற்றில் ஒன்று என்றால் இதோடு நிறுத்துங்கள். அங்கே தற்காலிக வேலை ஆபத்து. நேராக வெல்டிங்தான்.

லேண்ட் ரோவர் டிஃபென்டர் போன்ற வண்டிகளில் வெளித்தகடு பெரும்பாலும் அலுமினியம், உள்சட்டம் இரும்பு. இரண்டும் ஈரத்தோடு தொடும் இடத்தில் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பொடியாக. துரு கன்வெர்ட்டர் (துருவோடு வினைபுரிந்து அதைக் கறுப்புப் படலமாக மாற்றும் திரவம்) வேலை செய்வது இரும்புத் துருவில் மட்டும். அதை அலுமினியத்தில் பூசிப் பயனில்லை.

2. சுரண்டல்: பாதி வேலை இதுதான்

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய் அருகே கிரைண்டர் வேண்டாம், அங்கே கைப்பிரஷ் போதும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, என்95 முகமூடி கட்டாயம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

பொருக்காகப் பெயர்ந்து நிற்பதை முதலில் ஸ்கிரேப்பரால் நெம்பி எடுங்கள். பிறகு கம்பி பிரஷ், அதன்பின் 80-ம் நம்பர் உப்புத்தாள், பிறகு 120. துருவின் ஓரத்தைத் தாண்டி 3 முதல் 5 செ.மீ. வரை நல்ல தகடு தெரியவேண்டும்.

கிரைண்டரில் மாட்டும் கம்பிச் சக்கரம் ஒரு ஏமாற்று வேலை செய்யும். துருவை எடுக்காமல் அதையே மெருகேற்றிப் பளபளக்க வைத்துவிடும். பார்க்க இரும்பு போலவே இருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்: பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் தெரிந்தால் துரு குழிக்குள் அப்படியே இருக்கிறது. கூரான ஊசியால் குழிகளைக் கிளறி, மறுபடி 80-ஆல் தேயுங்கள். பெயின்ட் விளிம்பை 240-ஆல் சரிவாக்குங்கள், இல்லையென்றால் புதுப் பூச்சு அந்தப் படியிலிருந்தே உரியத் தொடங்கும்.

3. கன்வெர்ட்டர்

கடற்கரையிலோ உப்பு தூவிய சாலையிலோ ஓடிய வண்டி என்றால் நல்ல தண்ணீரால் இன்னொருமுறை கழுவிக் காயவையுங்கள். பிறகு தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். வெறும் தகடு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே சிவக்கும், ஆகவே அன்றே அடுத்த வேலை.

டானிக் அமிலம் கலந்த கன்வெர்ட்டர் தொடங்குபவர்களுக்கு எளிது. சிறு திட்டுகளுக்கு 250 மி.லி. தாராளம். கொஞ்சம் மட்டும் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிப் பிரஷ்ஷால் மெல்லப் பூசுங்கள். பால்வெள்ளையாக இருப்பது மெதுவாக ஊதாவாகி, பிறகு கறுக்கும். அரைமணி கழித்து இரண்டாவது கோட், அதன்பின் ஒரு நாள் விடுங்கள். கப்பில் மிஞ்சியதைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள், அதில் ஒட்டிய துரு பாட்டில் முழுவதையும் கெடுத்துவிடும். வெயிலில் கொதிக்கும் தகட்டிலும் பூசாதீர்கள். உள்ளே இறங்கும் முன் மேலே காய்ந்துவிடும். எங்காவது பழுப்பு மாறாமல் நின்றால் அங்கே துரு கனமாக இருக்கிறது என்று பொருள். மறுபடி சுரண்ட வேண்டியதுதான்.

பாஸ்பாரிக் அமில வகையில் சிலவற்றைத் தண்ணீரால் கழுவவேண்டும், சிலவற்றைக் கழுவக்கூடாது. லேபிளில் சொன்னபடியே செய்யுங்கள்.

4. பிரைமர், பெயின்ட்

இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எப்பாக்ஸி பிரைமர், மெல்லியதாக இரண்டு கோட். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதைப் பூசிவிட்டு அப்படியே ஓட்டினால் செய்த வேலை வீண். எப்பாக்ஸியும் வெயிலில் வெளிறிப் பொடியும், எனவே மேலே எனாமல் இரண்டு கோட் அவசியம். பிரஷ்ஷில் அடித்தாலே போதும், அழகு பார்க்கும் வேலை இல்லை இது.

பொத்தான் அளவு ஓட்டைகளுக்கு, பிரைமர் காய்ந்தபின் உள்பக்கமாக எப்பாக்ஸி ரெசினில் நனைத்த ஃபைபர் துணி இரண்டு அடுக்கு, ஓட்டையைச் சுற்றி 3 செ.மீ. அகலமாக. ஃபோமும் செய்தித்தாளும் அடைத்து மேலே பட்டி போடுவது படுமோசம், அவை ஈரத்தைப் பிடித்து வைத்துப் பக்கத்துத் தகட்டையும் தின்னும்.

5. உள்பக்கம்

பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் கதவுக்குள்ளும் மூடிய பெட்டிப் பகுதிகளிலும் நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயால் கேவிட்டி வேக்ஸ் (உட்குழிகளில் ஈரம் படாமல் காக்கும் மெழுகு) அடியுங்கள். வடிகால் துளைகள் அடைபடக்கூடாது. பிரேக், சைலன்சர் பக்கம் படவே கூடாது. துருவின் மேல் தார்ப்பூச்சு அடித்தால் அது விரிசல் விடும் இடத்தில் நீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அரிக்கும்.

மெழுகு அடித்த இடங்களைப் படமெடுத்து வையுங்கள். வண்டியை வெல்டிங்குக்கு விடும்போது அந்தப் படங்களைக் காட்டிச் சொல்லியே ஆகவேண்டும்: கேவிட்டி வேக்ஸ் வெல்டிங் சூட்டில் தீப்பிடிக்கும்.