பக்கத்து நிலத்தில் மானுக்கு மக்காச்சோளம் கொட்டுகிறார்களா? புதிதாக நிலம் வாங்கியவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே 20 ஏக்கரோ 40 ஏக்கரோ காட்டு நிலம் வாங்கி, வெள்ளைவால் மான் வேட்டைக்கு உரிமமும் எடுத்துவிட்டீர்கள். அக்டோபரில் ஒரு நாள் எல்லையோரம் நடக்கும்போது பக்கத்து நிலத்தில் மஞ்சளாக ஏதோ குவிந்து கிடக்கிறது. பார்த்தால் உதிர்த்த மக்காச்சோளம். நாற்பதடி தள்ளி மரத்தில் ஏணி வைத்த பரண். உங்கள் பக்கம் வர வேண்டிய மான்கள் எல்லாம் அங்கே போகின்றன. கோபம் வருவது இயல்புதான். ஆனால் கோபத்தில் செய்கிற முதல் காரியம் பெரும்பாலும் சட்டப்படி உங்களையே மாட்டிவிடும்.

இந்த விஷயத்தில் உங்கள் வேலை சாட்சியுடையது, வார்டனுடையது (வேட்டை விதிகளை அமல்படுத்தும் மாநில அதிகாரி) இல்லை. கீழே சொல்லும் படிகள் எல்லாமே இதை வைத்துத்தான்.

படி 1: உங்கள் மாநிலத்தில் அது குற்றமா என்று பாருங்கள்

தீனி வைத்து மான் சுடுவதற்கு நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது. டெக்சாஸில் தனியார் நிலத்தில் தீனி வைத்து வேட்டையாடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மினசோட்டாவில் 1991 முதல் மாநிலம் முழுக்கத் தடை. மிச்சிகனின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 ஜனவரி 31 முதல் தடை வந்தது. மேல் தீபகற்பத்துக்கு விதி வேறு. அந்தத் தடைக்குள்ளேயும் ஒரு விலக்கு உண்டு: மாற்றுத்திறனாளி வேட்டைக்காரர்கள் சிலர் அவர்களுக்கான சிறப்பு வேட்டை நாட்களில் தீனி பயன்படுத்தலாம். விஸ்கான்சினில் கவுண்டிக்குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) மாறும். தடை இல்லாத கவுண்டியிலும் அளவு உண்டு, 2 காலன். அதாவது சுமார் ஏழரை லிட்டர். ஒரு பக்கெட் நிறையத் தாண்டாது.

ஆகவே சோளக் குவியலைக் கண்டதுமே குற்றம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாநில இயற்கை வளத்துறை ஒவ்வொரு ஆண்டும் வேட்டை விதிப் புத்தகம் வெளியிடுகிறது. இணையத்தில் இலவசம். போன வருஷப் புத்தகம் வேண்டாம். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. அதில் தீனிக்கான வரையறையை நிதானமாகப் படியுங்கள். பொதுவாக வயலில் நிற்கும் பயிர், பழத்தோட்டத்தில் தானாக விழுந்த ஆப்பிள், மானுக்கென்றே விதைத்த தீவனப் பயிர் ஆகியவை தீனிக் கணக்கில் வராது. அதே சோளத்தை அறுத்து, வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து குவித்தால் கணக்கே வேறு. உப்புக்கட்டி, தாதுக்கட்டி விஷயத்தில் மாநிலங்கள் ஒத்துப்போவதில்லை. மினசோட்டாவில் உணவுப் பொருள் கலக்காத வரை அவை தீனி ஆகாது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சில இடங்களில் மானுக்குத் தீவனம் போடுவது குற்றமில்லை, அதன் மேல் உட்கார்ந்து சுடுவதுதான் குற்றம். நியூயார்க் போன்ற மாநிலத்தில் தீவனம் போடுவதே கூடாது. உங்கள் ஊர் எந்த வகை என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தடை ஏன் என்று தெரிந்துகொள்வதும் நல்லது, பின்னால் பேச்சுவார்த்தைக்கு உதவும். முக்கியக் காரணம் நோய். க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்கிற, மூளையை அரிக்கும் நோய் முதலில் 1967இல் கொலராடோவில் ஆய்வுக்காக அடைத்து வளர்த்த மான்களிடம் கண்டறியப்பட்டது. விஸ்கான்சினில் 2002இல் தெரியவந்தது. ப்ரியான் என்ற பிறழ்ந்த புரதத்தால் வருவது. எச்சில், சிறுநீர், சாணம் வழியே பரவும், மண்ணில் பல வருஷம் அழியாமல் கிடக்கும். மருந்து இல்லை. இருபது மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மிச்சிகனின் வடகிழக்கில் மாட்டுக் காசநோய் மான்களிடம் பரவியதிலும் தீனிக்குப் பங்கு உண்டு. இது போக, குளிர்காலத்தில் தளிரும் கிளையும் தின்று பழகிய மானின் இரைப்பை, திடீரென்று வயிறு முட்டச் சோளம் வந்தால் அமிலம் ஏறிக் கெடும். சோளம் தின்ற மான் வயிறு நிறைந்தபடியே செத்துப்போவதும் நடக்கிறது.

படி 2: உண்மையிலேயே தீனிதானா என்று உறுதி செய்யுங்கள்

உங்கள் நிலத்திலிருந்தே தெரியும் அடையாளங்கள் போதும். மான் தடங்கள் வழக்கமாகப் படுக்கைக்கும் மேய்ச்சலுக்கும் இடையே கிளைகிளையாகப் பிரிந்து போகும். திடீரென்று எல்லாத் தடமும் ஒரே புள்ளியை நோக்கிக் குவிந்தால், அந்தப் புள்ளியில் ஏதோ இருக்கிறது. காகம், வான்கோழி, ரக்கூன் மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது இன்னொரு அறிகுறி. டைமர் வைத்த தீவன டப்பா என்றால் காலையிலும் மாலையிலும் ஒரே நேரத்தில் மோட்டார் சுழல்கிற சத்தம், கூடவே சோளம் தகரத்தில் தெறிக்கிற சத்தம் கேட்கும்.

நீங்கள் சுட்ட மானின் இரைப்பையில் சோளம் இருந்தது என்பதை மட்டும் ஆதாரமாக நினைக்காதீர்கள். மான் தொலைவிலுள்ள விவசாயி வயலிலும் மேய்ந்திருக்கலாம்.

படி 3: உங்கள் பக்கம் சுத்தமா?

இந்தப் படியைப் பலரும் தவறவிடுகிறார்கள். பக்கத்து ஆள் தீனி போட்டிருப்பது தெரிந்தும், அந்தத் தடத்தில் பரண் போட்டு நீங்கள் காத்திருந்தால் உங்கள் மேலும் வழக்கு வரலாமா? மினசோட்டா சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது: அடுத்தவர் நிலத்தில் தீனி போட்டதில் உங்களுக்குப் பங்கோ சம்மதமோ இல்லையென்றால், உங்கள் நிலத்தில் நீங்கள் வேட்டையாடுவது குற்றமில்லை. எல்லா மாநிலமும் இவ்வளவு தாராளமாக எழுதி வைத்திருக்கவில்லை. தீனியிலிருந்து இத்தனை கஜத்துக்குள் இருக்கக்கூடாது என்று தூரம் சொல்லும் விதிகளும் உண்டு. சந்தேகம் இருந்தால் வேட்டைப் பருவம் தொடங்கும் முன்னரே உங்கள் பகுதி வார்டனிடம் கேட்டுவிடுங்கள். முன்கூட்டிக் கேட்டவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

உங்கள் நிலத்தில் பழைய உரிமையாளர் விட்டுப்போன உப்புக்கட்டி, தீவன டப்பா கிடக்கிறதா என்றும் ஒரு சுற்று பாருங்கள். புகார் கொடுத்த பிறகு வார்டன் வந்து முதலில் உங்கள் டப்பாவைப் பார்த்தால் நன்றாக இருக்காது.

படி 4: எல்லை தாண்டாமல் பதிவு செய்யுங்கள்

முதலில் எல்லை எது என்று சரியாகத் தெரிய வேண்டும். கவுண்டியின் நில வரைபடத் தளத்திலும் ஆன்எக்ஸ் போன்ற வேட்டை செயலிகளிலும் எல்லைக்கோடு தெரியும். ஆனால் கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். சர்வேயர் அடித்த இரும்புக் கம்பியைக் கண்டுபிடித்து, அதை நம்புங்கள்.

பிறகு உங்கள் பக்கத்தில் நின்றபடியே:

- குவியல், பரண், தீவன டப்பா எது தெரிகிறதோ அதைப் படம் எடுங்கள். அகலமாக ஒன்று, நெருக்கமாக ஒன்று. அகலப் படத்தில் எல்லைக் கம்பமோ அடையாள மரமோ வர வேண்டும். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.
- நின்ற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை குறித்துக்கொள்ளுங்கள். திசையையும் எழுதுங்கள்.
- தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊகத்தை எழுத வேண்டாம். ‘நீல ட்ரக்கிலிருந்து ஒருவர் மூட்டை இறக்கினார்’ என்பது பதிவு. ‘அவன் எப்பவும் திருட்டு வேட்டைக்காரன்’ என்பது வசை.
- ட்ரெயில் கேமரா (அசைவு தெரிந்தால் தானாகப் படம் எடுப்பது) உங்கள் மரத்தில், உங்கள் தடத்தைப் பார்த்து இருக்கட்டும். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள்; தேதி தவறிய படத்தால் பயனில்லை. அவர்கள் வீட்டையோ கேபினையோ நோக்கித் திருப்பாதீர்கள்.

தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், தீனியை அள்ளிவிட்டால் மறுநாளே இடம் சுத்தமாகிவிடுவதில்லை. இல்லினாய், இண்டியானாவில் அகற்றிய பிறகும் 10 நாள் அது தீனி வைத்த இடம்தான். பென்சில்வேனியாவில் 30 நாள். வேட்டைப் பருவத்தின் முதல் நாள் காலையில் தரை காலியாக இருந்தாலும், அதற்கு முந்தின வாரத்து உங்கள் படம் பேசும்.

ட்ரோன் ஆசை வேண்டாம். எல்லை தாண்டி நான்கு சோளத்தைப் பொறுக்கி வருவதும் வேண்டாம், அது அத்துமீறல். 1984இல் உச்ச நீதிமன்றம் ஆலிவர் வழக்கில் சொன்னபடி, வீட்டை ஒட்டாத திறந்த நிலத்தில் அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் நுழைந்தாலும் அது கூட்டாட்சி அரசியல் சட்டத்துக்கு முரணாகாது (சில மாநிலங்கள் தம் சட்டப்படி இன்னும் கடுமையாக இருக்கின்றன). அந்த வசதி அதிகாரிக்குத்தான், உங்களுக்கு இல்லை.

எல்லையோரம் போகும்போது ஆரஞ்சு சட்டை கட்டாயம். தீனி மேல் உட்கார்ந்திருப்பவர் அசைவை எதிர்பார்த்தே துப்பாக்கியோடு இருக்கிறார்.

படி 5: பேசலாமா, வேண்டாமா

இதற்கு ஒரே பதில் கிடையாது. பக்கத்து நிலத்துக்காரர் பழக்கமானவர், அல்லது அவரும் புதியவர், அல்லது பக்கத்துக் கவுண்டியிலிருந்து வந்து இங்கேயும் அதே விதி என்று நினைப்பவர் என்றால் ஒருமுறை பேசிப் பார்ப்பது என் கட்சி. விஸ்கான்சின் மாதிரி கவுண்டி வாரியாகத் தடை மாறும் இடத்தில் தெரியாமல் செய்கிறவர்கள் நிச்சயம் உண்டு. நிலத்துக்காரருக்கே தெரியாமல், வேட்டைக்குக் குத்தகை எடுத்தவர்கள் போட்டிருப்பதும் உண்டு. அப்படியானால் நிலத்துக்காரரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

பேசுவதானால் பருவம் தொடங்கும் முன், பகலில், அவர் வீட்டு வாசலில் பேசுங்கள். பரணடியில் வேண்டாம், துப்பாக்கி கையில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். குற்றம் சாட்டாமல் தகவல் மாதிரி சொல்லுங்கள்: “நம்ம கவுண்டியில நோய் வந்த மான் கண்டுபிடிச்சதால இந்த வருஷம் தீனிக்குத் தடை போட்டிருக்காங்க. எல்லைக்கிட்ட சோளம் கிடந்ததைப் பார்த்தேன், உங்களுக்குச் சொல்லலாம்னு வந்தேன்.” அவ்வளவுதான். ‘புகார் கொடுப்பேன்’ என்று மிரட்டாதீர்கள். மிரட்டினால் குவியல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகரும், வேறு எதுவும் மாறாது.

ஏற்கெனவே தகராறு உள்ளவர், குடித்துவிட்டுச் சுடுகிறவர், இரவில் விளக்கடித்து வேட்டையாடுகிறவர் என்றால் பேச்சே வேண்டாம். நேராக அடுத்த படி.

படி 6: புகார் கொடுங்கள்

எல்லா மாநிலத்திலும் இதற்கென்று தொலைபேசி எண் உண்டு. மினசோட்டாவில் ‘டர்ன் இன் போச்சர்ஸ்’, மிச்சிகனில் ‘ரிப்போர்ட் ஆல் போச்சிங்’. எண் விதிப் புத்தகத்திலேயே இருக்கும். பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் சுற்றிலும் மூன்றே நிலத்துக்காரர்கள் என்றால் யார் சொன்னது என்று ஊகிப்பது கஷ்டமில்லை, அதையும் கணக்கில் வையுங்கள். வார்டனிடம் மட்டும் பெயர் சொல்லி, வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது என் பார்வையில் நல்ல நடுவழி. அவர் திரும்ப அழைத்துக் கேள்வி கேட்க முடியும்.

சொல்ல வேண்டியவை: இடம், குவியலுக்கு நடந்து போகும் வழி, பரண் எந்தத் திசையில், எந்த நேரத்தில் ஆள் வருகிறார், வண்டி அடையாளம். நேரம்தான் இதில் உயிர்நாடி. வெறும் குவியலை விட, குவியல் மேல் துப்பாக்கியோடு ஆள் உட்கார்ந்திருக்கும்போது பிடிப்பதுதான் வழக்குக்கு வலு. வார்டன் அந்தக் காலையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அவர் தலையில் ஒரு முழு கவுண்டி, சில நேரம் அதற்கும் மேல். ஆகவே பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது வரும் புகாருக்கு, பருவம் முடிந்த பின் வரும் பத்துப் புகாரை விட மதிப்பு அதிகம்.

படங்களை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். குவியல் அன்று மாலையே காணாமல் போகும், அவதூறு என்று உங்கள் மேல் வக்கீல் நோட்டீஸும் வரலாம்.

படி 7: காத்திருக்கும்போது

பொறுமையில்லாதவர்கள் செய்யும் காரியம் ஒன்று: வேட்டை நேரத்தில் எல்லையில் ரேடியோ அலற விடுவது, மான்களை விரட்டுவது. வேண்டாம். 50 மாநிலங்களிலும் வேட்டைக்கு இடையூறு செய்வதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. அவர் செய்வது சட்டவிரோதம் என்ற உங்கள் வாதம் எடுபடுமா என்பதை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க உங்களுக்கு ஆசை இருக்காது.

அதைவிட உங்கள் நிலத்தைக் கவனியுங்கள். தீனி போட்ட இடத்துக்கு மான்கள் சீக்கிரமே இருட்டிய பிறகு மட்டும் வரப் பழகிவிடும், குறிப்பாக முதிர்ந்த கிடாக்கள். பகலில் அவை எங்கோ படுத்திருக்க வேண்டுமே? அந்த இடம் உங்களுடையதாக இருக்கட்டும். நிலத்தின் ஒரு மூலையை யாரும் கால் வைக்காத அடர் புதராக விடுங்கள். வெள்ளை ஓக் மரங்கள் இருந்தால், சுற்றிலும் நெருக்கும் மரங்களை வெட்டி வெளிச்சம் விடுங்கள். அதன் கொட்டை உதிரும் காலத்தில் சோளக் குவியலை மான் திரும்பிப் பார்க்காத நாட்களும் உண்டு. எல்லையோரம் ஸ்விட்ச்கிராஸ் என்ற உயரமான புல்லை விதைத்தால் அந்தப் பக்கத்துப் பரணிலிருந்து பார்வை மறையும். வேர் பிடித்து உயர ஓரிரு வருஷம் ஆகும்.

புகாரின் முடிவு உங்களுக்குத் தெரியாமலே போகலாம். வார்டன் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அபராதத்தோடு உரிமமும் ரத்தானால், அது அந்த மாநிலத்தோடு நிற்காது. 1989இல் கொலராடோ, நெவாடா, ஆரிகன் சேர்ந்து தொடங்கிய மாநிலங்களிடை ஒப்பந்தத்தில் இப்போது ஏறக்குறைய எல்லா மாநிலமும் இருக்கின்றன. ஓரிடத்தில் உரிமம் பறிபோனவர் அடுத்த மாநிலத்தில் போய் எடுக்க முடியாது.

வழக்கு நீதிமன்றம் போனால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம். கேமராவின் மெமரி கார்டை அழிக்காமல், படங்களை வெட்டாமல் ஒட்டாமல், நோட்டோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். வார்டன் கார்டை வாங்கிப் போனால் ரசீது கேளுங்கள், அதற்கு முன் உங்களுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.